சந்தையில் வாங்கிய சட்டை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பதும் நம் பழமொழிதான். முதலாவது ஆடையின் மதிப்பைச் சொல்கிறது. இரண்டாவது அதன் தூய்மையைச் சொல்கிறது. அந்த ஆடை எங்கிருந்து வந்தது, அதை முன்பு யார் உடுத்தினார்கள் என்று இரண்டு பழமொழிகளுமே கேட்கவில்லை. அதைக் கேட்பவர்கள் நாம்தாம்.

சென்ற ஆண்டு நான் இக்கல்லூரியில் சேர்ந்த இரண்டாம் வாரம். என் வகுப்பு நண்பர் ஒருவர் நான் அணிந்திருந்த நீலக்கட்டம் போட்ட சட்டையைத் தொட்டுப் பார்த்து, "துணி நல்லா இருக்கேடா, எங்க வாங்கின?" என்று கேட்டார். "சித்தப்பா துபாய்லேர்ந்து கொண்டாந்தாரு" என்று சொன்னேன். எனக்குத் துபாயில் சித்தப்பா கிடையாது. அந்தச் சட்டை பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் 70 ரூபாய்க்கு வாங்கிய பழைய சட்டை.

சிறு பொய்தான். ஆயினும் அந்தச் சட்டையை அணியும் ஒவ்வொரு நாளும் அந்தப் பொய்யையும் சேர்த்தே அணிய வேண்டியதாயிற்று. நண்பர் துபாயைப் பற்றி ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று அஞ்சி, அவர் பக்கத்தில் அமர்வதையே சில நாட்கள் தவிர்த்தேன். ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை ஒட்டியபோது, உண்மையைச் சொல்லிவிட இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தோன்றியது. அதோடு, பழைய துணி வாங்குவது எப்படி என்பது பற்றி நான் கற்றதையும் நண்பர்களுக்குச் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன்.

கொடுத்த துணி

என் தாயார் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். தந்தையார் லாரியில் சுமை ஏற்றி இறக்குபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான் முதல். பள்ளிச் சீருடையையும் தீபாவளிக்கு எடுக்கும் ஒரு செட்டுத் துணியையும் நீக்கிவிட்டால், பள்ளிப் பருவம் முழுவதும் நான் உடுத்தியவை அந்த நான்கு வீடுகளிலிருந்து வந்த துணிகளே.

நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது ஒருநாள் மாலை, தெருமுனை மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தோம். அந்த நான்கு வீடுகளில் ஒரு வீட்டுப் பையனும் ஆட வந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "டேய், இது என்னோட டி-ஷர்ட்டுடா!" என்று சத்தமாகச் சொன்னான். அவன் என்னை அவமதிக்கச் சொல்லவில்லை. தன் பழைய சட்டையைப் பார்த்த மகிழ்ச்சியில்தான் சொன்னான். ஆனால் ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பி என் சட்டையைப் பார்த்தார்கள். அன்று இரவு அதைக் கழற்றியவன் பிறகு போடவே இல்லை.

நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்க நல்ல மனசோடதான்டா குடுக்கறாங்க. ஆனா குடுக்கறப்போ 'இது வேணாம், பெருசா இருக்கு'ன்னு நம்மளால சொல்ல முடியலையே. அதான் கஷ்டம்" என்றார். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்துச் சந்தையில்தான் விளங்கியது.

முதல் கொள்முதல்

பன்னிரண்டாம் வகுப்பு வரை சீருடை நம்மைக் காப்பாற்றிவிடுகிறது. கல்லூரியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. வாரத்தில் ஐந்து நாள், கையில் இருப்பதோ இரண்டு சட்டை. கல்லூரி திறப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அம்மா 300 ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு என்னைப் பல்லாவரம் சந்தைக்கு அழைத்துச் சென்றார்.

அந்தச் சந்தையை அறியாதவர்களுக்கு ஒரு சொல். வாரத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் பழைய டிரங்க் ரோட்டில் கூடுவது அது. பழைய நாற்காலி, பழைய டி.வி., கம்ப்யூட்டர் உதிரிகள், செடிகள் என்று இல்லாத பொருள் இல்லை. முன்பு சென்னையில் பழைய பொருள் என்றால் சென்ட்ரல் நிலையத்தை அடுத்த மூர் மார்க்கெட்டைத்தான் சொல்வார்கள். 1900-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் 1985 மே மாதத்தில் தீக்கு இரையாயிற்று. பழைய பொருளுக்கான தேவை அதனோடு எரிந்துவிடவில்லை என்பதற்குப் பல்லாவரம் சந்தை ஒரு சான்று.

தார்ப்பாயின் மேல் துணிகள் குவிந்து கிடந்தன. சற்று நல்லவை கயிற்றில் தொங்கின. அம்மா ஒரு சட்டையை எடுத்தார். அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அக்குள் தையலை இரு பெருவிரலாலும் இழுத்துப் பார்த்தார். பிறகு, "இது வேணாம்மா, நைஞ்சிருக்கு" என்று வைத்துவிட்டார். இப்படி நான்கு சட்டைகளை வேண்டாம் என்றார். ஒரு துணியைப் பார்த்து என் தாயார் "வேணாம்" என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஐந்தாவதாக எடுத்ததுதான் அந்த நீலக்கட்டச் சட்டை. கடைக்காரப் பெண்மணி 100 ரூபாய் சொன்னார். அம்மா 50-க்குக் கேட்டார். "கட்டாதுக்கா, துவைச்சு இஸ்திரி போட்டே எனக்கு அவ்வளவு ஆயிடுது" என்றார் அவர். 70-க்கு முடிந்தது. இன்னொரு சட்டையும் அதே விலை. ஒரு பேண்ட் 120. ஆக 260 ரூபாய். மீதி 40 ரூபாயில் இருவரும் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினோம்.

அன்றிலிருந்து நான் அந்தக் கடைக்கு வாடிக்கைக்காரன். முதல் சுழற்சி வகுப்பு பிற்பகலில் முடிந்துவிடுவதால், வெள்ளிக்கிழமைகளில் ரயிலிலிருந்து பல்லாவரத்தில் இறங்கிவிடுவேன். கடைக்கார அக்காவும் பொறுமையாகப் பல செய்திகளைச் சொல்லித் தருவார்.

துணி வரும் வழி

பழைய துணி எங்கிருந்து சந்தைக்கு வருகிறது? நம் வீட்டு வாசலிலிருந்தே வருகிறது. "பழைய துணிக்குப் பாத்திரம்!" என்று கூவிக்கொண்டு, எவர்சில்வர் பாத்திரங்களையும் பிளாஸ்டிக் குடங்களையும் சுமந்து வருபவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நாம் பத்து உருப்படி கொடுத்தால் அவர்கள் ஒரு தூக்கோ கிண்ணமோ தருகிறார்கள். இது நம் ஊரில் மட்டும் உள்ள பழக்கமன்று. குஜராத்திலும் மும்பையிலும் தில்லியிலும் இத்தொழிலையே தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் மக்கள் உண்டு. தில்லியில் ரகுபீர் நகர் என்னுமிடத்தில், இவ்வாறு வீடு வீடாகச் சேர்த்த துணிகளை விற்பதற்கென்றே விடியுமுன் ஒரு பெருஞ்சந்தை கூடுகிறது.

சேர்ந்த துணிகள் மூன்றாகப் பிரிகின்றன. உடுத்தத் தக்கவை துவைத்து, கிழிசல் தைத்து, இஸ்திரி போட்டுச் சந்தைக்கு வருகின்றன. உடுத்த முடியாத பருத்தித் துணிகள் மெக்கானிக் கடைகளுக்கும் அச்சகங்களுக்கும் எண்ணெய் துடைக்கும் துணியாகப் போகின்றன. கம்பளித் துணிகள் ஹரியானா மாநிலத்துப் பானிப்பட் நகரை நோக்கிச் செல்கின்றன. அங்கே நிறவாரியாகப் பிரித்து, பஞ்சுபோலக் கிழித்து, மீண்டும் நூலாக நூற்று மலிவான கம்பளிப் போர்வைகளாக நெய்கிறார்கள். பழைய கம்பளியைக் கிழித்து நூற்கும் இம்முறையை இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியிலுள்ள பாட்லி என்னும் ஊரில் 1813-இல் பெஞ்சமின் லா என்பவர் உருவாக்கினார். ஆண்டு 200-ஐக் கடந்தும் அதே தத்துவந்தான் பானிப்பட்டில் ஓடுகிறது.

பட்டுப் புடவையின் கதை தனி. "பழைய பட்டுப் புடவை வாங்குறது" என்று குரல் கொடுத்து வருபவர் புடவைக்காக வருவதில்லை; அதிலுள்ள ஜரிகைக்காக வருகிறார். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் பொன் முலாம் பூசியது. புடவை இற்றுப்போனாலும் வெள்ளி இற்றுப்போவதில்லை. ஜரிகையை எரித்து உருக்கினால் வெள்ளி தனியே வந்துவிடும். எனவே பாட்டியின் பழம்புடவையைக் கொடுக்குமுன் அதன் ஜரிகை அசலா, போலியா என்று விசாரித்துக் கொள்வது நன்று.

எதைப் பார்த்து வாங்குவது?

புதுத் துணியை விடப் பழைய துணியில் ஏமாறுவதற்கு வாய்ப்புக் குறைவு என்று சொன்னால் நண்பர்கள் வியப்படையலாம். புதுச் சட்டையில் கஞ்சியும் பளபளப்பும் இருக்கும். துவைத்தால் சுருங்குமா, சாயம் போகுமா என்பது வீட்டுக்கு வந்த பிறகே தெரியும். பழைய சட்டையோ சுருங்க வேண்டிய அளவு சுருங்கி, போக வேண்டிய சாயமும் பெரும்பாலும் போய்விட்ட நிலையில் நம் கைக்கு வருகிறது. பார்க்கத் தெரிந்தால் போதும். பார்க்க வேண்டியவை இவை:

1. வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தல்: சட்டையில் முழங்கை, அக்குள், காலர் மடிப்பு, பேண்ட்டில் முழங்கால், உட்காருமிடம், தொடையின் உட்பக்கம். இந்த இடங்களில் மட்டும் வெளிச்சம் மிகுதியாக ஊடுருவினால் நூல் தேய்ந்துவிட்டது என்று பொருள். கிழிசலைத் தைக்கலாம், தேய்மானத்தைத் தைக்க முடியாது.

2. காலர்: சட்டை முதலில் சாவது காலரில்தான். ஆனால் காலர் மட்டும் நைந்து மற்ற இடம் நன்றாக இருந்தால் விட்டுவிட வேண்டாம். தையற்காரரிடம் கொடுத்தால் காலரைப் பிரித்து, உள்பக்கம் மேலே வரும்படி திருப்பித் தைத்துத் தருவார். நம் பெரியவர்கள் காலத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த சிக்கனம்.

3. உள்தையல்: துணியை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். தையலுக்கு உள்ளே துணி தாராளமாக விட்டிருந்தால், இறுக்கமான பேண்ட்டைக்கூடப் பிரித்து அகலப்படுத்தலாம். தளர்வானதைச் சுருக்குவது எளிது. துணி விடாத ஆடையைப் பெரிதாக்குவது ஆகாத காரியம். தோள் அளவு மட்டும் முதலிலேயே சரியாக இருக்க வேண்டும். தோளை மாற்றுவது சட்டையையே புதிதாகத் தைப்பதற்குச் சமம்.

4. ஜிப்பும் பொத்தானும்: ஜிப்பை மூன்று முறை ஏற்றி இறக்குங்கள். பொத்தான் இல்லாவிட்டால் கவலை இல்லை. பேரம் பேச அது ஒரு நல்ல காரணம்.

5. துணியின் இனம்: ஒரு சொட்டுத் தண்ணீரைத் துணியின் மேல் வையுங்கள். பருத்தியானால் விரைவில் உறிஞ்சிக்கொள்ளும். பாலியெஸ்டரானால் உறிஞ்சத் தயங்கும். சட்டையின் மேல் சிறு சிறு நூல் உருண்டைகள் மிளகு தூவியது போல நின்றாலும் பெரும்பாலும் செயற்கை நூல் கலந்தது என்று அறியலாம்.

வேதியியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை ஒன்றுண்டு. வாங்கிய பிறகு, உள்தையலிலிருந்து ஒரே ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைத்துக்கொண்டு எரித்துப் பாருங்கள். பருத்தி செல்லுலோஸ், காகிதமும் செல்லுலோஸ். எனவே பருத்தி நூல் காகிதம் எரியும் வாடையுடன் எரிந்து மென்மையான சாம்பலாகும். பட்டும் கம்பளியும் நம் தலைமுடியைப் போலப் புரதம். ஆகையால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், எஞ்சும் கரி விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் எரிவதற்கு முன் சுருங்கி உருகும். ஆறியபின் கல்போன்ற மணியாக நிற்கும். சந்தையில் "ப்யூர் காட்டன்" என்று சொல்லி விற்ற ஒரு சட்டையில் எனக்கு இரண்டு அடையாளங்களும் சேர்ந்தே கிடைத்தன. அது இரண்டும் கலந்த நூல்.

வீட்டிற்கு வந்தபின்

"பிறர் உடுத்தியது, நோய் வருமே" என்பது பலரும் சொல்லும் தடை. அது நியாயமான அச்சமே. ஆனால் அச்சத்திற்கும் அளவு உண்டு. ஆடையின் தையலில் ஒளியும் உடற்பேன் மனித உடலை விட்டுப் பிரிந்தால் ஒரு வாரத்துக்கு மேல் பொதுவாக உயிர் வாழாது. சொறியை உண்டாக்கும் சிற்றுண்ணி உடலை விட்டு வந்தபின் இரண்டு மூன்று நாட்களே தாக்குப் பிடிக்கும். 54 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெந்நீர் சில நிமிடங்களில் இரண்டையும் கொன்றுவிடும். ஆகவே வாங்கிய துணியைத் தனியே ஒரு பையில் கட்டி வைத்து, பருத்தியானால் சலவைச் சோடா கலந்த நல்ல வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, கடும் வெயிலில் உலர்த்தி, இஸ்திரி போட்டால் போதுமானது. பட்டுக்கும் கம்பளிக்கும் இந்த வைத்தியம் ஆகாது. அவை புரதமாதலால் காரமும் வெந்நீரும் அவற்றைக் கெடுக்கும். அவற்றை ஒரு வாரம் கட்டி வைத்துவிட்டு, மிதமான சோப்பில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். உள்ளாடைகளையும் காலுறைகளையும் மட்டும் பழையதாக வாங்கவே கூடாது.

சில துணிகளில் அந்துருண்டை வாடை விடாமல் இருக்கும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது. நாப்தலின் தண்ணீரில் ஏறக்குறையக் கரையாத பொருள் என்பதை நாம் படித்திருக்கிறோம். ஆனால் அது பதங்கமாகும். ஆகவே தண்ணீரை நம்பாமல் வெயிலையும் காற்றையும் நம்பி, இரண்டு மூன்று நாள் கொடியில் தொங்கவிட்டால் வாடை தானே ஆவியாகிப் போய்விடும். இரும்புக் கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசலாம். சிட்ரிக் அமிலம் இரும்புத் துருவைக் கரையும் பொருளாக்கிவிடுகிறது. பாடப்புத்தகத்தில் படித்தது கொடியில் நடப்பதைப் பார்க்கும்போது படிப்பின் மேல் ஒரு தனி அன்பு பிறக்கிறது.

பிற நாடுகளில்

மேலை நாடுகளில் பழைய துணிக்கடை வெட்கத்திற்குரிய இடமன்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1902-இல் எட்கர் ஹெல்ம்ஸ் என்னும் பாதிரியார், வசதி படைத்தவர்களின் வீடுகளிலிருந்து பழைய துணிகளையும் பொருள்களையும் சேகரித்து, ஏழைகளைக் கொண்டே பழுது பார்க்கச் செய்து, அவர்களுக்குக் கூலி கொடுத்து, அப்பொருள்களைக் குறைந்த விலைக்கு விற்கும் முறையைத் தொடங்கினார். அதுவே 'குட்வில்' நிறுவனமாக வளர்ந்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டு நகரின் பிராட் தெருவில் ஒரு கடையைத் திறந்தது. இத்தகைய கடைகளை அமெரிக்காவில் 'த்ரிஃப்ட் ஸ்டோர்' என்கிறார்கள். சிக்கனக் கடை என்று நாம் தமிழில் சொல்லலாம்.

அங்கே மிகப் பழைய ஆடைக்குப் புது ஆடையை விட அதிக விலை கிடைப்பதும் உண்டு. ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, அக்காலத்துப் பாணியைக் காட்டும் ஆடைகளை 'வின்டேஜ்' என்று சொல்லித் தேடி வாங்குகிறார்கள். திராட்சை மது எந்த ஆண்டு அறுவடையில் விளைந்தது என்பதைக் குறிக்கும் சொல் ஆடைக்கு வந்து சேர்ந்தது. இதில் நமக்கும் ஒரு பங்குண்டு. நம் பகுதிக் கைத்தறியில் நெய்த 'மெட்ராஸ்' கட்டத் துணி 1960-களில் அமெரிக்கச் சட்டையாகப் புகழ் பெற்றது. துவைக்கத் துவைக்க அதன் சாயம் கசிந்து நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கும். இங்கே அது குறை. அங்கே அதை மறைக்காமல், "சாயம் போகும் என்று உத்தரவாதம்" தந்தே விளம்பரம் செய்தார்கள், குறையே சிறப்பாகிவிட்டது. அக்காலத்து மெட்ராஸ் சட்டைகளை இன்றும் தேடி வாங்குவோர் உண்டு. நம் ஊர் லுங்கிக் கட்டந்தான் அங்கே வின்டேஜ்!

ஆயினும் இந்த வாணிகத்துக்கு மறுபக்கமும் உள்ளதை மறைக்கக் கூடாது. மேலை நாடுகளில் விற்காத பழைய துணிகள் மூட்டை மூட்டையாக ஆப்பிரிக்காவுக்குச் செல்கின்றன. கானா நாட்டின் தலைநகர் அக்ராவிலுள்ள கந்தமந்தோ சந்தை உலகின் மிகப் பெரிய பழைய துணிச் சந்தைகளுள் ஒன்று. அங்கே இத்துணிகளுக்கு வழங்கும் பெயரின் பொருள் "செத்த வெள்ளைக்காரனின் துணி" என்பது. மூட்டையைப் பிரிக்காமலே விலை கொடுக்க வேண்டும். பிரித்த பின் தேறாதவை வியாபாரிக்கு நட்டம், கடற்கரைக்குக் குப்பை. 2025 ஜனவரியில் அச்சந்தையின் பெரும்பகுதி தீயில் அழிந்து ஆயிரக்கணக்கானோர் பிழைப்பை இழந்தனர். நம் நாட்டிலோ, பழைய ஆடைகளை இறக்குமதி செய்து விற்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. கம்பளிக் கந்தல்கள் உடுத்த முடியாதபடி வெட்டப்பட்ட பின்னரே பானிப்பட் ஆலைகளுக்கு வர வேண்டும் என்பது விதி.

கந்தமந்தோ வியாபாரிக்கும் பல்லாவரத்து அம்மாவுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். அவர் மூட்டையைப் பிரிக்குமுன் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அம்மாவால் முடிந்தது.

தண்ணீர்க் கணக்கு

பணம் மட்டும் மிச்சமாவதில்லை. ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு, பருத்தி விளைவது முதல் ஆடையாகும் வரை, ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் தேவைப்படுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவனுக்கு இந்த எண்ணின் கனம் தெரியும்.

சாயத்தின் கணக்கை அறிய நொய்யல் ஆற்றைப் பார்த்தால் போதும். பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு தேங்கி, அந்த நீர் பயிருக்கும் ஆகாமல் கிணறுகளையும் கெடுத்தது. உழவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். கழிவைச் சிறிதும் வெளியேற்றாத முறைக்கு மாறும் வரை சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. சந்தையில் வாங்கும் ஒரு பழைய சட்டைக்குப் புதிதாக விளையும் பருத்தியும் இல்லை, புதிதாக ஆற்றில் கலக்கும் சாயமும் இல்லை. ஆனால் மலிவு என்பதற்காகத் தேவையின்றிப் பத்துச் சட்டை வாங்கிக் குவித்தால் இந்தக் கணக்கும் பொய்த்துவிடும். அந்தப் பத்தும், தேவைப்படும் வேறு பத்துப் பேருக்குக் கிடைக்காமற் போகும்.

வேண்டாம் என்னும் உரிமை

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அந்த டி-ஷர்ட்டும் பிறர் உடுத்தியது. இந்த நீலக்கட்டச் சட்டையும் பிறர் உடுத்தியது. முதலாவது என்னைக் குன்றச் செய்தது. இரண்டாவதை நானே தேர்ந்தெடுத்தேன், விலை பேசினேன், என் வீட்டுப் பணத்தைக் கொடுத்தேன். என் தாயார் அன்று நான்கு சட்டைகளை வேண்டாம் என்றாரே, அந்த உரிமைக்குத்தான் 70 ரூபாய் விலை. துணியில் இழிவு இல்லை; அதை வாங்கும்போது நம் கை எந்த நிலையில் இருக்கிறது என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது.

இதை உணர்ந்து பெரிய அளவில் செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. 1999-இல் தில்லியில் 'கூஞ்ச்' என்னும் அமைப்பைத் தொடங்கிய அன்ஷு குப்தா அவர்கள், நகரத்து வீடுகளின் பழைய துணிகளைச் சேகரித்துக் கிராமங்களுக்கு அனுப்புகிறார். ஆனால் அதை இலவசமாக வழங்குவதில்லை. கிராமத்து மக்கள் தங்கள் ஊருக்கு வேண்டிய கிணற்றையோ சாலையையோ குளத்தையோ தாங்களே செப்பனிடுகிறார்கள். அந்த உழைப்புக்கு ஊதியமாகத் துணியைப் பெறுகிறார்கள். கொடுப்பவர் பெருமைப்படவும் வாங்குபவர் தலைகுனியவும் அங்கே இடமில்லை. இப்பணிக்காக 2015-இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

நம் கல்லூரியிலும் இதைச் சிறிய அளவில் செய்யலாம் என்பது என் பணிவான கருத்து. ஒவ்வோர் ஆண்டும் மூன்றாம் ஆண்டு முடித்துச் செல்லும் அறிவியல் மாணவர்களின் ஆய்வகக் கோட்டுகள் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அதே ஆண்டு முதலாம் ஆண்டில் சேரும் பலர் கோட்டு வாங்கப் பணமின்றி முதல் செய்முறை வகுப்புக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள். நான் அப்படி இருந்தவன். காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் கொடுத்தேன். அது என் இரண்டாவது பொய். மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலை போல ஓர் அலமாரியைத் துறையில் வைத்து, பழைய கோட்டுகளைத் துவைத்து அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் 20 அல்லது 30 ரூபாய் விலை வைக்கலாம். நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் மூன்றாம் ஆண்டு நண்பர்களுக்கு முழுக்கைச் சட்டைகளும் வைக்கலாம். இலவசமாகவே கொடுக்கலாமே என்று யாரும் சொல்ல வேண்டாம். விலை இருந்தால்தான், "அண்ணே, இதில் பொத்தான் இல்லை, வேறு எடுங்கள்" என்று முதலாம் ஆண்டுத் தம்பி நிமிர்ந்து நின்று கேட்பான். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு ஆவன செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

நீலக்கட்டச் சட்டை இன்றும் என்னிடம் உள்ளது. சென்ற விடுமுறையில் அதன் காலரைத் திருப்பித் தைத்தேன்; கூலி 40 ரூபாய். இன்னும் ஓராண்டு உழைக்கும். துபாய்ச் சித்தப்பாவைப் பற்றிக் கேட்ட நண்பர் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். அவர் விரும்பினால் வருகிற வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் என்னோடு வரலாம். கடைக்கார அக்காவிடம் நான் அறிமுகம் செய்து வைக்கிறேன். பேரத்தை மட்டும் அவர்தாம் பேச வேண்டும்.